பிரிஜித்தாளின் இரண்டு போன்கள்

பிரிஜித்தாள் விழிஞ்ஞம் துறையில் மீன் எடுத்து, நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் கொண்டுபோய் விற்பவள். அவள் வீட்டில் கொஞ்ச நாளாக ஒரே போன் சண்டை. மகள் செலின் ஆண்ட்ராய்டு கட்சி. தன் பழைய போனை அம்மாவுக்குக் கொடுத்தவள். மகன் டென்சன் ஷார்ஜாவிலிருந்து ஐபோன் அனுப்பியவன். வேலைக்கு எது என்று முடிவு செய்ய வேண்டியவள் அம்மா.

ஐபோனை அவள் வெளியே எடுக்கவே மாட்டாள். உப்புத்தண்ணி பட்டால் போச்சே! மாதா படத்துக்குப் பக்கத்தில் துணி சுற்றி வைத்திருந்தாள். பிள்ளை வேர்வை சிந்தி வாங்கியதல்லவா.

அப்போதுதான் மானம் போனது. செலின் சர்ச் திருவிழாவுக்கு அம்மா கையிலிருந்த ஆண்ட்ராய்டை வாங்கி முகம் மினுங்கப் படம் எடுத்தவள், அழகூட்டும் பொத்தானை அணைக்க மறந்துவிட்டாள். மறுநாள் பிரிஜித்தாள் எடுத்த சங்கரா மீன் படத்தில் கல்யாணப்பெண் மாதிரி ஜொலித்தது. அந்தப் படத்தை நம்பி மீன் சொன்ன அடுக்குமாடி வல்சலா டீச்சர், நேரில் பார்த்ததும் பொரிந்து தள்ளினார்.

"மீனுக்குப் பவுடர் போட்டியாடீ? வெள்ளிக்கிழமை பேத்திக்கு நிச்சயதார்த்தம். செவுளைத் தூக்கி வீடியோ அனுப்பு. அன்னிக்குக் காலைல ஏழு மணிக்குள்ள வரலன்னா மீன் வேன்காரன்கிட்ட சொல்லிருவேன்."

அந்த விருந்து போனால் அந்தக் கட்டடமே போகும். இருபது வீடும் டீச்சர் சொல்லைத்தான் கேட்கும்.

செலின் அழகூட்டலை அணைத்தாள். கூடவே, "கண்டவனும் என் படத்த நோண்டுறான்" என்று, தன் விரலையும் அம்மா விரலையும் பதிந்து விரல்ரேகைப் பூட்டும் போட்டுவிட்டாள். அன்றிரவு டென்சன் கெஞ்சினான்: "அம்மச்சி, ஒரு நாளாவது என் போனக் கடப்புறத்துக்குக் கொண்டு போ." சரி, கிடக்கட்டும் என்று, அவன் சொல்லச் சொல்ல அதன் பூட்டுக்குத் தன் முகத்தைக் காட்டிப் பதிந்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வெள்ளி விடியலில் துறை கொதித்தது. ஏலக்காரன் தொண்டை கிழியக் கத்த, முண்டியடித்துப் புகுந்து ஒரு நெய்மீனை ஏலத்தில் எடுத்துவிட்டாள் பிரிஜித்தாள். என்ன மீன்! வால் இன்னும் விறைப்பாக இருந்தது. அலுமினியச் சருவத்தில் போட்டு, துண்டில் கையைத் துடைத்து, ஆண்ட்ராய்டில் விரலை வைத்தாள்.

திறக்கவில்லை.

இன்னொரு விரல். அதுவும் இல்லை. நம்பர் கேட்டது, நம்பர் செலினுக்குத்தான் தெரியும், அவளோ காலைப் பூசையில் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"கையக் கழுவிட்டு வைக்கப்புடாதா?" என்றாள் பக்கத்து மீன்காரி ரெஜினா.

"கழுவுனா ரேகை முளைக்குமாட்டீ? மீன் அறுத்து அறுத்துத் தேஞ்சு போச்சு. ரேஷன் கடையிலயும் இதே கதைதான்!"

ஏழு மணி நெருங்கிக்கொண்டிருந்தது. மாதாவே என்று இடுப்பிலிருந்ததை உருவி, முகத்துக்கு நேரே பிடித்தாள். கன்னத்தில் செதிள், நெற்றியில் வேர்வை, கலைந்த தலை. பூட்டு பட்டென்று திறந்தது.

"ரெஜினா, பிடிட்டீ!" போனை அவள் கையில் திணித்து, கட்டைவிரலால் செவுளைத் தூக்கினாள். ரத்தச் சிவப்பு. "டீச்சரே, பாருங்க, பவுடர் இல்ல!" செலின் இரண்டு போனிலும் டீச்சர் நம்பரைப் போட்டு வைத்திருந்தது நல்லதாயிற்று. வீடியோ பறந்தது. மூச்சு விடுவதற்குள் டீச்சரின் குரல் வந்தது: "முழு மீனும் எனக்கு. இன்னொன்னு கிடைச்சா அதையும் எடு!"

பிரிஜித்தாள் கூவிய கூவலில் ஏலக்காரனே வாயை மூடிக்கொண்டான்.

பூசை முடிந்து வந்த செலின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "அப்ப அவன் ஜெயிச்சுட்டான், இல்லியா?"

"பாட்டு கேக்க ஒன் போன், துறைக்கு இது."

டென்சன் கூப்பிட்டான். "எப்படி அம்மச்சி நம்ம போன்?"

பிரிஜித்தாள் துண்டால் போனைத் துடைத்துக் காதில் வைத்தாள். "இந்த விரல அடையாளம் தெரியலன்னு எத்தனை எடத்துல திருப்பி அனுப்பியிருக்கானுவ, மக்களே. இன்னிக்கு இந்தச் செதிள் மூஞ்சியப் பாத்ததும் கதவத் தொறந்துட்டுல்லா!"