இருநூறு கிண்ணத்துக்கான அளவு

திருப்புலிவனத்து மார்த்தாள் கதையைச் சொன்னால் அவள் புருஷன் அருள்தாஸையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே ரங்கூனுக்குக் கப்பலேறிய புருஷன், பதினாறு வருஷம் கழித்து, அங்கே கடை கண்ணிகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்ட பிறகு, ஒரு தகரப்பெட்டியோடு வந்து நின்றான். பெட்டிக்குள் இரண்டு லுங்கியும் ஒரு நோட்டும் இருந்தன.

அவன் வேலை பார்த்த சாப்பாட்டுக் கடையின் சமையல் நோட்டு அது. தெருவோரம் பெஞ்சு போட்டு, மொயிங்கா என்கிற மீன் குழம்பை அரிசிச் சேவைமேல் ஊற்றி விற்ற கடை. பெரிய சமையல்காரர் சடையப்பன் சொல்லச்சொல்ல அருள்தாஸ் எழுதியது.

சேரியில், மாதா கோயிலை ஒட்டி மார்த்தாள் குடியிருந்த மனை, ஊர்ப் பண்ணையாரின் பெரிய வீட்டுக்குச் சொந்தம். அந்த மனையில் ஆம்பளை இருந்தால் பெரிய வீட்டு நிலத்தில் இறங்கியாக வேண்டும். அப்படித்தான் அவள் மாமனார் இறங்கினார், மாமனாரின் அப்பன் இறங்கினான். பெரிய வீட்டுக் காரியக்காரன் வரதன் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டான்.

"இன்னாமே, ரங்கூன் தொர எப்ப காலுல சேறு பூசிக்கப் போறாரு?"

"பொங்கல் வரிக்கும் வுடுங்க. அவுரு கையில ஒரு தொழில் கீது."

"இன்னா தொழிலு?"

"சமையல்."

வரதன் சிரித்தான். "பண்ணு, பண்ணு. பொங்கலுக்கு அப்பால பாக்கலாம்" என்று போனான்.

மார்த்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அருள்தாஸின் நெஞ்சு பதினாறு வருஷம் அடுப்புப் புகை குடித்த நெஞ்சு. ஈரத்தில் கால் வைத்தாலே இருமினான். அவனைச் சேற்றில் இறக்கினால் அதிக நாள் வைத்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அந்த நோட்டைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவன் படித்தான், அவள் அடுப்புப் பக்கம் உட்கார்ந்தாள்.

"மீனு பத்து வீச. வாழத்தண்டு எட்டு தடி. எண்ண அர டின்னு."

"யோவ், இன்னாயா இது? ஊருக்கே சோறாக்கப் போறோமா?"

"இருநூறு கிண்ணத்துக்கு அளவு மே. கட நோட்டு இல்ல?"

"நம்ம வூட்ல கீறது ரெண்டு சட்டி."

அவன் தரையில் கரித்துண்டால் வகுத்துக்கொண்டே இருந்தான். அதற்குள் அவள் கண்ணால் அளந்து போட்டுவிட்டாள்.

ஏரிக்கரைக் குடிசையிலிருந்து இருளர் வீட்டுச் செங்கேணி இரண்டு விரால் கொண்டுவந்தாள்; கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தும் கொண்டாள். மீனை மஞ்சள் போட்டு வேகவைத்து, முள்ளெடுத்து உதிர்த்தார்கள். வெங்காயம், பூண்டு, இஞ்சி வதக்கினார்கள். நோட்டில் ஒரு வாசனைப் புல் எழுதியிருந்தது, அது இங்கே ஏது? எலுமிச்சை இலையைக் கிள்ளிப் போட்டாள். ரங்கூனில் புளிக்கவைத்த இறால் விழுது ஒன்று போடுவார்களாம். அதற்குப் பதில் நெத்திலிக் கருவாட்டை வறுத்து இடித்தாள். வாழைத்தண்டு வட்டம் வட்டமாக விழுந்தது. குழம்பு கெட்டிப்பட, வறுத்த அரிசியைப் பொடித்துக் கரைத்தாள்.

சேவைதான் வழிக்கு வரவில்லை. மாதா கோயிலில் கொடுத்த பால்பவுடர் டின்னின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மாவை அடைத்துக் கொதிக்கிற தண்ணீருக்குள் அமுக்கினாள். எல்லாம் கரைந்தது.

"அண்ணே, ரங்கூன்ல இந்தக் கஞ்சியதான் வித்துக்கினு இருந்தியா?" என்றாள் செங்கேணி.

மாவை அரைவேக்காடாக வேகவைத்து, சூட்டோடு பிசைய வேண்டும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. அருள்தாஸ் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் படித்திருக்கிறான். அரிசி கிடைக்காத வருஷம் அது. வீணான அரிசியில் ஒரு வாரம் கஞ்சி குடித்திருக்கலாம். மூன்றாம் தடவை நூல் நூலாக விழுந்தது. அருள்தாஸ் ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான்.

"இதான்" என்றான்.

மார்த்தாளுக்கு அந்த வாடை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. இருந்தாலும் பசிக்கு இரண்டு கிண்ணம் தின்றாள்.

சந்தை நாளன்று ஒரு பானை நிறைய ஆக்கி, உத்திரமேரூருக்குத் தூக்கிக்கொண்டு போகிற வழியெல்லாம் ஒன்றையே சொன்னாள்: "யாராச்சும் ஊரு கேட்டா ரங்கூன்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

வாசனைக்கே ஆள் கூடியது. வண்டிக்காரர்கள் தின்றார்கள், காய்கறிக்காரர்கள் தின்றார்கள். வெல்ல வியாபாரி ஒருவர் இரண்டாவது தடவையும் இலையை நீட்டினார்.

"பேஷா கீதுபா. எந்தூரு?"

"ரங்கூனுங்க."

"அது சரி, சொந்த ஊரு?"

"திருப்புலிவனம்."

"அங்க எந்தத் தெரு?"

மார்த்தாள் அவன் காலை மிதித்தாள். அவனுக்கு உறைக்கவில்லை. சீனனும் வங்காளியும் பர்மாக்காரனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவன் கையால் தின்ற பதினாறு வருஷத்தில் ஒருத்தர்கூட அவனிடம் தெருவைக் கேட்டதில்லை. வீடு தேடி வந்து சாப்பிடத்தான் விசாரிக்கிறார் என்று எண்ணிக்கொண்டான்.

"மாதா கோயில் தெருங்க. யாரக் கேட்டாலும் காட்டுவாங்க" என்றான், முகமெல்லாம் சிரிப்பாக.

வியாபாரி இலையை மடித்துக் கீழே வைத்தார். குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார், இன்னொரு தடவை கொப்பளித்தார். பார்த்தவர்கள் ஒவ்வொருவராக இலையை வைத்தார்கள். கத்திரிக்காய்க்காரி மட்டும், "முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்றாள். சண்டை இல்லை, கூச்சல் இல்லை. பானையில் முக்கால் அப்படியே கிடந்தது.

திரும்பும்போது பாதி வழியில் அருள்தாஸ் கேட்டான்.

"உப்பு சரியாதானே இருந்திச்சி?"

"சரியாதான் இருந்திச்சி."

"காரம்?"

"அதுவும்தான்."

மிச்சத்தைத் தெருவில் எல்லாரும் தின்றார்கள். செங்கேணி வீட்டுக்கும் ஒரு சட்டி போனது. நல்லாயிருக்கிறது என்றுதான் அத்தனை பேரும் சொன்னார்கள். விலை கொடுத்துத் தின்ன அவர்களிடம் என்ன இருக்கிறது?

பொங்கலுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. மார்த்தாள் அதுவரை காக்கவில்லை. மறுநாள் காலையில் களத்துமேட்டுக்குப் போய் வரதன்முன் நின்றாள்.

"நாளையிலேர்ந்து எங்க வூட்ல ரெண்டு ஆளுங்க, அவுரும் நானும்."

இந்தத் தடவை வரதன் சிரிக்கவில்லை. "மம்மட்டி கீதா?"

"இல்ல."

"அங்க ஒண்ணு சாத்திக் கீது பாரு. அவன எட்த்துக்கச் சொல்லு."

அருள்தாஸ் இரண்டு அறுப்பு தாங்கினான். மூன்றாவது நடவுக்கு மார்த்தாள் தனியாகத்தான் போனாள்.