ரேடியோவிடம் மிஞ்சிய ஒரு வார்த்தை

அந்தப் பேருந்தில் தினமும் போய்வந்தவர்கள் கண்டக்டரை ரேடியோ என்றுதான் சொல்வார்கள். முதல் நடை கிளம்பியதிலிருந்து அவருக்கு வாய் ஓயாது. "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல பந்தடிக்கலாம் போல இடம் கிடக்குது" என்று ஒரு பக்கம் விரட்டுவார். "என்ன டீச்சரம்மா, இன்னைக்கும் குடையை விட்டுட்டுத்தான் இறங்கப் போறீங்களா?" என்று இன்னொரு பக்கம் சிரிக்க வைப்பார்.

சட்டைப்பையில் விசில் இருந்தது. பேருக்குத்தான். "விசிலுக்கு ஒரே குரல்தான்யா இருக்கு" என்பார். அவருக்கு எல்லாமே 'ரைட்'. ஏறியாச்சு, கிளம்பு என்றால் துண்டாக ஒரு ரைட். யாரோ ஒருவர் கால் இன்னும் படியில் தொங்குகிறது என்றால் இழுத்து ஒரு ரைட். கைக்குழந்தைக்காரிக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை, மெதுவாக எடு என்றால் தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஒன்று. டிக்கெட் வாங்காமல் நழுவப் பார்த்தவன் மாட்டிக்கொண்டால், அதற்கென்று நக்கலாக ஒன்று. வீட்டில் சண்டை வந்தால்கூட "ரைட்டு, விடு" என்றுதான் முடிப்பார்.

இதையெல்லாம் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் டிரைவர். பதினாறு வருடம் ஒரே வண்டியில் வேலை. ஆனால் வேலை நேரத்தில் கண்டக்டரின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. கண்ணாடியில் கூட்டம்தான் தெரியும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுக்குப் பின்னால் இருந்து வரும் அந்தக் குரல்.

அன்றைக்கு மத்தியானம், மார்க்கெட் நிறுத்தத்தில், யாரையோ கிண்டல் பண்ணிக்கொண்டிருந்த ரேடியோ பாதியில் நின்றது. பின்படியில் சரிந்து உட்கார்ந்தார். வலது கை துணி மாதிரி தொங்கியது. வாயிலிருந்து ஒரே ஒரு ரைட் வந்தது.

வண்டி கிளம்பியது. அடுத்த நிறுத்தத்தில் நிற்கவில்லை. அதற்கடுத்ததிலும் நிற்கவில்லை. ஜனங்கள் கத்தக் கத்த, தடத்தை விட்டுத் திரும்பி, நேராக ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. அவசரத்தில் வாசல் தூணில் இடித்து முன்விளக்கு ஒன்று நொறுங்கியது. "இன்னும் அரைமணி நேரம் ஆகியிருந்தா எங்க கையில ஒண்ணும் இல்லம்மா" என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, கண்டக்டரின் மனைவி அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

உயிர் தப்பியது. காது கேட்டது, எல்லாம் புரிந்தது. பேச்சு மட்டும் போய்விட்டது. ஊரையே சிரிக்க வைத்த வாயில் மிஞ்சியது அந்த ஒரே வார்த்தை.

தண்ணீர் வேண்டுமென்றாலும் ரைட். ஜன்னலைச் சாத்து என்றாலும் ரைட். முதல் மாதம் மனைவிக்கு ஒன்றும் புரியாது. தண்ணீர் கேட்டால் தலையணையைக் கொண்டுவருவாள். பிறகு மெல்ல மெல்லக் காது பழகியது.

"அம்மா, இப்ப அப்பா உன்னைத் திட்டுறார்" என்பாள் மகள்.

"திட்டட்டும்டி. முன்னாடி அரைமணி நேரம் திட்டுவார். இப்ப ஒரே வார்த்தையில முடிஞ்சிடுது. எனக்கும் வேலை மிச்சம்."

அவர் தோள் குலுங்கச் சிரிப்பார். கண்ணில் நீர் நிற்கும்.

நான்காவது மாதம்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. யாரோ ஒரு பயணி எழுதிப்போட்ட புகாரில் டிரைவர் மேல் விசாரணை. சைகை இல்லாமல் வண்டியை எடுத்தது, தடம் மாறியது, விளக்கை உடைத்தது. கண்டக்டர் சொல்லாமல் வண்டியை நகர்த்தினார் என்று முடிவானால் வேலையே போய்விடும். வாராவாரம் வந்து கால் அமுக்கிவிட்டுப் போன மனிதர் இதைப்பற்றி மூச்சு விட்டிருக்கவில்லை.

அன்று கண்டக்டர் சாப்பிடவில்லை. இடது கையால் கட்டிலைத் தட்டித் தட்டி, "ரைட்! ரைட்!" என்றார்.

"புரியுதுங்க. போலாம். நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள் மனைவி.

டிப்போ மேனேஜரின் அறையில் மின்விசிறி கடகடவென்று சுற்றியது. டிரைவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர்களைப் பார்த்ததும் பதறிப்போனார். "தங்கச்சி, இவரை எதுக்கும்மா மாடிப்படி ஏத்தின?"

"அன்னைக்கு நீங்க இவரை ஆஸ்பத்திரிக்கு ஏத்திக் கொண்டுபோனீங்களே அண்ணே, அதுக்குத்தான்."

மேனேஜர் கெட்டவர் இல்லை. கோப்பில் என்ன எழுதுவது என்பதுதான் அவர் கவலை. கண்டக்டரைப் பார்த்து, "அன்னைக்கு நீங்க சைகை கொடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"ரைட்."

"இப்ப மணி பத்தா?"

மணி பன்னிரண்டு. அது அவருக்கும் தெரிந்தது. வாய் மட்டும் "ரைட்" என்றது.

மேனேஜர் பேனாவை மூடினார். "பார்த்தீங்களாம்மா? எதைக் கேட்டாலும் ஒரே வார்த்தை. இதை நான் சாட்சின்னு எப்படி எழுதுறது?"

டிரைவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "சார், ஒரே வார்த்தைதான். ஆனா ஒரே ரைட் இல்ல. அன்னைக்கு அவர் சொன்னது, எங்கயும் நிக்காதேங்கற ரைட்."

"நல்லா இருக்கே கதை! முகத்தைக்கூடப் பார்க்காம உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முகத்தைப் பார்த்தாத்தான் சார் எனக்குத் தெரியாது."

மேனேஜர் ஒரு நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு, டிரைவரிடம் "உட்காருங்க, பார்க்கலாம்" என்றார். கண்டக்டரின் காதருகே குனிந்து, வண்டியில் நடக்கிற ஏதோ ஒன்றை முணுமுணுத்தார்.

"ரைட்…" குரல் இழுத்தது.

"படியில ஆள் தொங்குது" என்றார் டிரைவர், சுவரைப் பார்த்தபடி.

மறுபடியும் ஒரு முணுமுணுப்பு. இந்த முறை குரல் தொட்டிலாக ஆடியது.

"குழந்தைக்காரம்மா இன்னும் உட்காரல. மெதுவா எடுக்கணும்."

மேனேஜரின் புருவம் உயர்ந்தது. மூன்றாவதையும் சொன்னார்.

"டிக்கெட் வாங்காத ஆளு மாட்டிக்கிட்டான் சார்." அறையில் இருந்த எல்லாருமே சிரித்துவிட்டார்கள்.

மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. இப்போது முணுமுணுக்காமல், எல்லாருக்கும் கேட்கும்படியாகவே கேட்டார். "அன்னைக்குப் படியில உட்கார்ந்து என்ன சொன்னீங்க? அதைச் சொல்லுங்க."

கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார். அடிவயிற்றிலிருந்து, உடைந்து, நடுங்கி அந்த வார்த்தை வந்தது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான்கு மாதத்தில் அவள் கேட்டே இராத குரல் அது.

டிரைவரின் தோள்கள் விறைத்தன. வலது கால் தானாகவே தரையை அழுத்தியது, அங்கே ஆக்ஸிலேட்டர் இருப்பது போல. அழுத்திய காலை எடுக்கவே இல்லை.

மேனேஜர் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லப் பேனாவைத் திறந்து, 'கண்டக்டர் சைகை கொடுத்த பிறகே வண்டி எடுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "விளக்குக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். வாங்கிக்குங்க. நாளைக்குக் காலையில வண்டியை எடுங்க."

படியிறங்கும்போது மனைவியும் டிரைவரும் கண்டக்டரை இரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். பாதிப் படியில் கண்டக்டர் நின்றார். இடது கையால் டிரைவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். காற்று மாதிரி, மெல்ல, "ரைட்" என்றார்.

டிரைவர் திகைத்துப்போனார். "இது எது தங்கச்சி? பதினாறு வருஷத்துல இதை நான் கேட்டதே இல்லையே."

"நீங்க கேட்டிருக்க மாட்டீங்க அண்ணே. நாலு மாசமா தினமும் ராத்திரி போர்வையைப் போத்தி விட்டதும் எனக்குச் சொல்வார்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீ இருந்ததாலதான் நான் இருக்கேன்னு அர்த்தம்."

டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யோவ் ரேடியோ, அதுக்கு எதுக்குய்யா சட்டையைக் கசக்குற? நாளைக்கு இதைத்தான் போட்டுட்டு வண்டி எடுக்கணும்."

கண்டக்டர் விடவில்லை. கடைசிப் படி வரைக்கும் அந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டேதான் இறங்கினார்.