சாரத்தில் தைத்த கவுன்

அந்தக் கவுனின் வலது தோளில் ஒரு முடிச்சு இருக்கிறது. ஆறு வருடமாக அதை யாரும் அவிழ்க்கவில்லை. நீலமும் பச்சையுமாகக் கட்டம் போட்ட பழைய சாரத்தில் தைத்த கவுன். ஒன்றரை வயதுப் பிள்ளையின் அளவு. எங்கள் பக்கத்தில் கைலியைச் சாரம் என்றுதான் சொல்வோம். இந்த வெயிலுக்கு என் மகளுக்கும் ஒன்று தைக்கலாமே என்று, அளவு பார்க்க அதை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் விரித்தேன். ஒரு பக்கம் அரை விரல் அளவு இறங்கித் தொங்குகிறது. பக்கவாட்டில் கட்டங்கள் ஒன்றோடொன்று சேராமல் ஆளுக்கொரு திசையில் போகின்றன. தைத்தவள் நானே என்பதால் யாரையும் குறை சொல்ல வழியில்லை. ஆனால் அந்த முடிச்சு என்னுடையதல்ல. அது மதினி போட்டது.

மதினி என் அண்ணனின் மனைவி. முட்டத்தை அடுத்த கடற்கரை ஊரில் பிறந்தவள். எங்கள் வீடு கருங்கல் பக்கம். கடல் காற்று வரும், கடல் தெரியாது. கடற்கரையில் பெண் எடுத்ததில் அம்மாவுக்கு முதலில் மனம் முழுதாக ஒப்பவில்லை. மதினி பேசினால் மூன்றாவது வீட்டுக்குக் கேட்கும். அலைச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது. "மெதுவாப் பேசு மக்கா, இஞ்ச கடலொண்ணும் இரையல்லியே" என்பாள் அம்மா. மதினி அதைவிடச் சத்தமாகச் சிரிப்பாள். கையைச் சும்மா வைத்திருக்க அவளுக்குத் தெரியாது. சீதனப் பெட்டியோடு வலை பின்னும் ஊசியையும் நூல் உருண்டையையும் கொண்டுவந்திருந்தாள். மத்தியானம் சாப்பிட்டதும் ஜன்னல் கம்பியில் நூலைக் கட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். வாய் என்னோடு பேசிக்கொண்டிருக்கும், கண் வாசலைப் பார்க்கும், விரல்கள் மட்டும் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே போகும். என்னைவிட இரண்டே வயது மூத்தவள். நாத்தனார், மதினி என்று முறை சொல்லிக்கொண்டாலும் நாங்கள் பழகியது கூட்டாளிகள் மாதிரிதான்.

அண்ணனுக்கு மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் வேலை. கல்யாணத்துக்கு வந்தவன் நாற்பத்தைந்து நாளில் திரும்பிப் போனான். அதில் ஒரு வாரம் மாமியார் வீட்டு விருந்து. அங்கே மருமகனையும் வலைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அவன் போட்ட முடிச்சு ஒன்றுகூடச் சரியாக விழவில்லையாம். போட்டதை எல்லாம் அவனே அவிழ்க்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் முழுக்க அதுதான் அவனுக்கு வேலை. "உனக்க அண்ணனுக்கு முடிச்சு போட வராது, ஆனா அவுக்கச் சொல்லு, எங்க அப்பாகூட அவருகிட்ட தோத்துப்போவாரு" என்று மதினி பெருமையோடு சொல்லுவாள். புருஷனைப் பற்றிப் பெருமையடிக்க அந்த ஒரு வாரத்திலிருந்து அவளுக்குக் கிடைத்தது அவ்வளவுதான், அதை அவள் வீணாக்கவில்லை.

பாப்பா பிறந்தபோது அண்ணனால் வர முடியவில்லை. விசாப் பிரச்சினை, ஆள் குறைவு என்று கம்பெனியில் லீவு தள்ளிக்கொண்டே போனது. பாப்பாவுக்கு அப்பா என்றால் மதினியின் போன்தான். சாயங்காலம் போன் அடித்தவுடன் தத்தித் தத்தி ஓடிவருவாள். தான் கடித்த பிஸ்கட்டைத் திரையில் அண்ணனின் வாயில் வைத்துத் தேய்ப்பாள். "அப்பா எங்க மக்களே?" என்று யார் கேட்டாலும் போனைக் காட்டுவாள். முதலில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். லீவு உறுதியாகி, டிக்கெட்டும் போட்டான பிறகு மதினி சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் இது யாருக்கும் தெரியாத விஷயமல்ல. வெளிநாட்டிலிருந்து வரும் அப்பனைப் பார்த்துப் பிள்ளைகள் அலறும். மீசையைப் பார்த்து அலறும், சென்ட் வாசனைக்கு அலறும், அம்மா பக்கத்தில் ஒரு புதிய ஆள் உட்கார்ந்தாலே அலறும். ஒருவழியாகப் பழகி மடியில் ஏறும்போது லீவு முடிந்து பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். "முப்பது நாளுதான் ஏட்டி. இவ கிட்ட போறதுக்கே இருவது நாளு ஆச்சுண்ணா, அந்த மனுசன் என்னத்த கொண்டுட்டுப் போவாரு?" என்று மதினி ஒருநாள் கேட்டாள். அன்றுதான் அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டேன்.

விமான நிலையத்துக்குப் பாப்பா போட்டுக்கொண்டு வர அண்ணன் ஒரு நண்பரிடம் கவுன் கொடுத்தனுப்பியிருந்தான். ரோஸ் நிற நெட், இடுப்பில் கல் பதித்த பட்டை, அடுக்கடுக்காக மூன்று பாவாடை. அம்மாவுக்கு அதைப் பார்த்ததும் உச்சி குளிர்ந்துவிட்டது. ஆனால் அது சித்திரை வெயில். பாப்பாவின் முதுகிலும் கழுத்திலும் வேர்க்குரு அரிசி தூவினது போலக் கிடந்தது. நெட் கவுனைத் தலைவழியே போட்டதுதான் தாமதம், வீடே இரண்டாகிற மாதிரிக் கத்தினாள். இதைப் போட்டுக்கொண்டு போனால் அப்பனைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அழுகை ஆரம்பித்துவிடும். அப்போது மதினி கொடியில் கிடந்த சாரத்தைப் பார்த்தாள். அண்ணன் விட்டுப்போன சாரம். பாப்பா அதன் மூலையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டுதான் தினமும் தூங்குவாள்.

"இதுல தச்சிரு" என்றாள் மதினி.

நான் கோயில் தையல் வகுப்புக்கு ஆறு மாதம் போனவள். அதுவரை தைத்ததெல்லாம் தலையணை உறைதான். ஆனாலும் அந்த நிமிடமே எனக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. கை வேண்டாம், காலர் வேண்டாம், பட்டன் வேண்டாம். காற்று போய் வந்தால் போதும். முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு. கைக்குழிக்கு டீ சாஸரைக் கவிழ்த்து வளைவு வரைந்தேன். கழுத்து விளிம்பை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்துத் தைத்து, அந்தக் குழலுக்குள் ஊக்கில் கோத்து நாடாவை ஓட்டி, இரண்டு தோளிலும் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. நாடாவைப் பிரித்தால் சுருக்கம் விரிந்து கவுன் கழன்றுவிடும். சொல்வதற்கு எவ்வளவு சுலபம். அளவெடுக்கப் பாப்பா நின்றால்தானே? டேப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் போனாள். கடைசியில் அவள் தூங்கும்போது அக்குளிலிருந்து முழங்கால் வரை மதினி சாணால் அளந்து சொன்னாள். வளரும் பிள்ளை என்று அதற்குமேல் நாலு விரல் சேர்த்துக்கொண்டேன்.

வெட்டுகிற நேரம் வந்தபோது மதினி சாரத்தை விடவில்லை. உட்கார்ந்து நைந்த பாகம் எது, உறுதியான பாகம் எது என்று தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ம், வெட்டு" என்றாள். மெஷினை மிதிக்க ஆரம்பித்ததும் எனக்குக் கால் நிற்கவில்லை. நூல் இரண்டு தடவை அறுந்தது, பாபின் ஒரு தடவை தீர்ந்தது. அம்மா வாசலில் நின்றுகொண்டு, "வெளிநாட்டுல இருக்கவனுக்க பிள்ளைக்குப் பழஞ்சாரத்துல உடுப்பு. பாக்குதவன் என்ன சொல்லுவான்?" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் காது கேட்காதவர்களாக இருந்தோம். போட்டுப் பார்த்தபோது பாப்பா குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். கவுனின் ஓரத்தைத் தூக்கி வாயில் வைத்தாள். பழைய சாரம்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மதினி என்னைக் கட்டிப்பிடித்ததில் என் கண்ணாடி கழன்று விழுந்தது.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. நான் தோளில் அழகாகப் பூ முடிச்சுப் போட்டிருந்தேன். பாப்பா அதன் வாலைப் பிடித்து இழுக்கக் கற்றுக்கொண்டாள். இழுத்தால் கவுன் சரியும், அவளுக்குக் கொண்டாட்டம். புறப்படுகிற காலையில் வண்டி வாசலில் நிற்க, மூன்றாம் தடவையாக நான் கட்டிக்கொண்டிருந்தபோது மதினி பொறுமையிழந்தாள். "நீ மாறு ஏட்டி, நான் போடுதேன்." இரண்டு தோளிலும் அவள் விரல் ஒரு சுற்று சுற்றியது, ஒரு இழுப்பு இழுத்தது. பாப்பா பிடித்து இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. மீனே அவிழ்க்காத முடிச்சைப் பிள்ளையா அவிழ்க்கும் என்று சொல்லிக்கொண்டு நாங்கள் வண்டியில் ஏறினோம். அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டி வரும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. வலைக்காரிக்கு முடிச்சு என்றால் போடுவதற்குத்தானே.

களியக்காவிளை நெரிசலில் வண்டி நின்று நின்று போனது. பாப்பா அழுதுவிடக் கூடாதே என்று அம்மா ஒரு நேந்திரம் பழம் முழுவதையும் ஊட்டிவிட்டாள். திருவனந்தபுரத்தில் இறங்கி, விமானம் தரையிறங்கிவிட்டது என்று தெரிந்துகொண்டு, ஆட்கள் வெளியே வரும் கம்பி வேலியோரம் போய் நின்றோம். அங்கே வைத்து அந்தப் பழம் அத்தனையும் கவுனின் முன்பக்கத்தில் வாந்தியாக வந்துவிட்டது. தண்ணீர் விட்டுத் துடைத்தோம். அம்மா பையிலிருந்து ரோஸ் நெட் கவுனை எடுத்தாள். இதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது அவள் எடுத்த விதம். சரி, மாற்றிவிடலாம் என்றால் முடிச்சு அவிழவில்லை. வேர்வையும் தண்ணீரும் பட்டு நாடா இறுகிக் கல்லாகிவிட்டது. நான் பிடித்து இழுத்தேன், நகம் உடைந்தது. மதினியும் இழுத்துப் பார்த்தாள். "எனக்குப் போடத்தானே தெரியும், அவுக்கத் தெரியாதே" என்றாள். "கடிச்சு அறுத்திருவேன், நீ தள்ளு" என்றாள் அம்மா. "அறுக்க வேண்டாம் மாமி, இது அவருக்க சாரம்" என்று மதினி மறித்தாள். மூன்று பேருடைய கைகளுக்கு நடுவில் பாப்பா தொண்டை கிழியக் கத்தினாள். அந்த நேரத்தில்தான் அண்ணன் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

இரண்டு வருடமாக நாங்கள் மனத்தில் போட்டுப் பார்த்த காட்சி இதுவல்ல. அண்ணன் கையை நீட்டினான். பாப்பா மதினியின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீறிட்டாள். படம் பிடிக்க நான் கையில் வைத்திருந்த போனைக் காட்டி, "அப்பா, அப்பா" என்று அழுதாள். இந்த ஆளிடமிருந்து தன்னைக் காப்பாற்றப் போனுக்குள் இருக்கிற அப்பாவைக் கூப்பிட்டாள். அண்ணன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நான் போனைத் தாழ்த்திவிட்டேன். மதினியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இது எனக்க சாரமல்லா?" என்று அண்ணன் கேட்டான்.

அவன் குனிந்து பாப்பாவின் தோளில் இருந்த முடிச்சைப் பார்த்தான். அப்புறம் மதினியைப் பார்த்தான். "பிள்ளையப் போயி வலையில கெட்டி வச்சிருக்கியா?" என்றான். மதினி அழுதுகொண்டே சிரித்தாள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணனும் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்தான். பிள்ளையைத் தொடவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இடது தோளில் இருந்த முடிச்சை மட்டும் இரண்டு விரலால் பிடித்தான். இழுக்கவில்லை. வளைந்த பாகத்தைக் கட்டைவிரல் நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளினான். ஆட்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பாப்பாவின் அழுகை விக்கலாகக் குறைந்தது. தன் தாடையை இழுத்துக்கொண்டு, கடைக்கண்ணால் அந்த விரல்களைப் பார்த்தாள். முடிச்சு நெகிழ்ந்து நாடா பிரிந்து விழுந்தபோது, "ஆ" என்று வாயைத் திறந்தாள். பிறகு நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். உடம்பைத் திருப்பி, வலது தோளை அவனிடம் நீட்டினாள்.

அண்ணன் அதை அவிழ்க்கவில்லை. "அது கெடக்கட்டு மக்களே" என்று அவளைத் தூக்கிக்கொண்டான். அவள் கத்தவில்லை. கவுன் வலது கை வழியே கழன்று விழ, வெறும் ஜட்டியோடு அவன் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பிள்ளைக்குக் காத்து பிடிக்கும்" என்ற அம்மா, கையில் இருந்த நெட் கவுனாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு மகிழ்ச்சியில் என்ன செய்வதென்று தெரியாமல், வேலியோரம் நின்ற முன்பின் தெரியாத ஒரு அம்மாளிடம், "அது நான் தச்ச கவுனு" என்று சொன்னேன். முப்பது நாளும் குளித்து முடித்தவுடன் பாப்பா அந்தக் கவுனைத் தூக்கிக்கொண்டு அப்பாவைத் தேடித்தான் போவாள். இடது தோளை மட்டும் கட்டுவான், அவிழ்ப்பான். வலது தோளை ஒருவரும் தொடவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் மதினியும் பாப்பாவும் இந்தக் கவுனை என்னிடம் விட்டுவிட்டு மஸ்கட்டுக்கே போய்விட்டார்கள். நான் கல்யாணமாகிக் குழித்துறைக்கு வந்துவிட்டேன். என் மகளுக்கு இப்போது பதினைந்து மாதம். மதினி அவளை இன்னும் நேரில் பார்த்ததில்லை. சாயங்காலம் போனில் பார்க்கிறாள். அந்தத் தொண்டைக்கு என் வீட்டில் பாத்திரம் அதிரும். என் மகளுக்கு மாமி என்றால் அந்தப் போன்தான். நாளை காலை அவர்கள் மூன்று பேரும் லீவுக்கு வருகிறார்கள்.

அதனால்தான் இந்தத் தையல். வீட்டுக்காரரின் சாரம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். "நல்ல சாரமல்லா அது" என்று அவர் இரண்டு நாளாக முணுமுணுக்கிறார். இந்தத் தடவை கட்டங்கள் சேர்ந்திருக்கின்றன, ஓரமும் நேராக இருக்கிறது. நேற்று மதினியைப் போனில் கூப்பிட்டு, அந்த வலை முடிச்சை மெதுவாகப் போட்டுக் காட்டச் சொன்னேன். "எதுக்குட்டி?" என்றாள். "சும்மாதான் மதினி" என்றேன். பத்து தடவையாவது போட்டுப் பழகிவிட்டேன். நாளை விமான நிலையத்துக்குப் புறப்படுமுன் மகளின் இரண்டு தோளிலும் தெரிந்தே போடப்போகிறேன். அழுதாலும் சரி, மதினிதான் அதை அவிழ்க்க வேண்டும். அண்ணனை விரல் வைக்க விடமாட்டேன். மதினிக்கு அவிழ்க்க வராது, வெகுநேரம் ஆகும். ஆகட்டும், அவ்வளவு நேரமும் என் பிள்ளை அவள் மடியில் இருக்கட்டும்.