கை பார்க்கும் ருக்ஸானா

"மெஷினைக் கொண்டுபோனா அதைத் தொடக்கூட மாட்டாங்களாம். நம்ம கையைத்தான் உத்து உத்துப் பாப்பாங்களாம்" என்று ருக்ஸானாவைப் பற்றி எனக்குச் சொன்னவர் நிவேதிதா. தஞ்சோங் பகாரில் எனக்குப் பக்கத்து மேசையில் வேலை பார்க்கிறவர். அவருக்கு இதைச் சொன்னது தெம்பனிஸில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்காரர். அவரும் ருக்ஸானாவை நேரில் பார்த்தவரில்லை. அவருக்கு வேறு யாரோ. "கம்பெனி பூட்டையெல்லாம் ஒடைப்பாங்களாம். பாத்துப் போங்க, உங்க ஒர்க் பாஸ் வேற ரினியூவல்ல இருக்கு" என்று போகிற போக்கில் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துக்கொண்டார் நிவேதிதா.

இதில் முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைப் பரப்புகிறவர்கள்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

ஜாலான் புசார் முனையிலுள்ள பழைய வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில், மின்தூக்கிக்கும் கழிவறைக்கும் நடுவே இருக்கிறது அவருடைய கடை. இரண்டு பேர் உள்ளே போனால் மூன்றாமவர் நடைபாதையில் நிற்க வேண்டும். பெயர்ப்பலகை கிடையாது. சுவரில் வரிசையாக ஆணிகள்; ஒவ்வோர் ஆணியிலும் ஒரு ஸ்குரூடிரைவர். கடைசி ஆணியில் மட்டும் பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓ கொசோங். சீனியில்லாத அந்தத் தேநீர் காலையில் தொங்கத் தொடங்கினால் மாலைவரை தொங்கும். வேலை ஓடாத நேரத்தில் ஓர் உறிஞ்சு உறிஞ்சிக்கொள்வார்.

அங்கே வருபவை உள்ளங்கையில் அடங்கும் லினக்ஸ் கணினிகள். சீட்டுக்கட்டு அளவில் ஒரு திரை, அதற்குக் கீழே மிட்டாய் மாதிரி சின்னச் சின்ன விசைகள். அந்த விசைப்பலகைக்குள் தனியாக ஒரு சில்லு உண்டு. எந்த விசை அழுத்தப்பட்டது, எவ்வளவு நேரம் அழுத்தப்பட்டது என்று முடிவு செய்யும் குட்டி நிரல் ஒன்று அதில் ஓடும். ஃபர்ம்வேர் என்கிறார்கள். ஆலையிலிருந்து வருவது எல்லா மனிதர்களுக்கும் ஒரே மாதிரியான விரல்கள் என்று நம்பும். ருக்ஸானா அதை அழித்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் ஆளின் விரலுக்குத் தகுந்த மாதிரி எழுதித் தருவார்.

"என்ன ஆச்சுன்னு சொல்லாதீங்க" என்பதுதான் அவர் வரவேற்பு. "தினம் என்ன டைப் பண்ணுவீங்களோ அதை டைப் பண்ணுங்க. நான் பாக்கறேன்." திரையைப் பார்க்க மாட்டார். முக்காட்டை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, முகத்தை மேசைமட்டத்துக்கு இறக்கி, விரல்களைப் பார்ப்பார். கால்மணி நேரம் போகும். பிறகு ஒரு பள்ளிக்கூட நோட்டில் நம் கையை வைக்கச் சொல்லி பென்சிலால் சுற்றி வரைவார். ஒவ்வொரு விரல்நுனிக்கும் மேலே ஓர் எண் எழுதுவார். அந்த விரல் ஒரு விசையில் தங்கும் நேரம், ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக் கணக்கில். நிவேதிதாவின் நாத்தனார் வீட்டுக்காரர் கேள்விப்பட்ட கை பார்க்கும் சமாசாரம் இவ்வளவுதான்.

என் கருவியில் ஒரு விசை விட்டுவிட்டு வேலை செய்தது. கால்மணி நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் பயந்து பயந்து தொடுறீங்க. அழுத்தி முடிக்கறதுக்குள்ள கையை எடுத்துடறீங்க லா. ஆபீஸ்ல யாராச்சும் திட்டுறாங்களா?" இல்லை என்றேன். நம்பாமல் என் மோதிரவிரலுக்கு மேலிருந்த எண்ணைக் குறைத்து நிரலில் ஏற்றினார். அதற்குப் பிறகு அந்த விசை தவறியதே இல்லை.

பத்தொன்பது ஆண்டுகள் பிடோக்கில் விசைப்பலகை தயாரிக்கும் ஆலையில் சோதனைப் பிரிவில் இருந்தவர். ஆலை வேறு நாட்டுக்குப் போனது, அவர் போகவில்லை. பிறந்து வளர்ந்தது தஞ்சோங் பகார். "இப்ப உங்க ஆபீஸ் லிஃப்ட் ஏறுற எடத்துலதான் எங்க அத்தா மூட்டை எறக்கினாரு" என்று தகப்பனாரைப் பற்றிச் சொல்வார், பெருமையும் இல்லாமல், வருத்தமும் இல்லாமல், பேருந்து எண் சொல்வதுபோல.

இன்னொரு வழக்கம். தொலைபேசி அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். வாயில் திருகாணி இருந்தாலும், கையில் பற்றவைக்கும் கம்பி சூடாக இருந்தாலும். கேட்டால், "போன் எடுக்காதவங்ககிட்ட அலைஞ்சு அலைஞ்சுதான் பாதி பேர் இங்க வர்றாங்க. நானும் எடுக்காம இருந்தா எப்படி?" என்றார்.

அப்படி அலைந்து வந்தவர்தான் துரைசாமி. செங்காங்கில் ஒரு கொண்டோ குடியிருப்பின் காவல் மேசையில் இருந்தவர். தொண்டைப் புற்றுக்காகக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் மூச்சுக்கான துளையை வெள்ளைத் துணி மூடியிருக்கும். சிகிச்சை மருந்துகளால் விரல்நுனிகளும் மரத்துவிட்டன. ஓர் அறக்கட்டளை இரவல் கொடுத்த கையடக்கக் கணினியில் அவர் தட்டெழுதினால், அது உரக்கப் பேசும்.

"ஏன், போன்லயே டைப் பண்ணலாமே?" என்று எல்லோரும் அவரைக் கேட்டிருக்கிறார்கள். நானும் கேட்டேன். ருக்ஸானா கீழ்த்தளத்துத் தண்ணீர்க்கடையிலிருந்து ஒரு கோப்பை ஐஸ் வாங்கிவரச் சொல்லி, ஐந்து நிமிடம் என் விரல்களை அதில் வைக்கச் சொன்னார். "இப்ப உங்க போன்ல உங்க பேரை எழுதுங்க." எழுதினேன். அது யார் பெயருமில்லை. "விசைன்னா அழுத்துறப்ப 'டொக்'னு காதுக்குக் கேக்கும். கண்ணாடி என்ன சொல்லும்?"

துரைசாமியின் விரலுக்கு, தான் விசையை விட்டுவிட்டோமா இல்லையா என்றே தெரியாது. சிறிய பலகை என்பதால் ஒவ்வொரு விசைக்கும் இரண்டு வேலைகள்: தட்டினால் எழுத்து, பிடித்தால் வேறு கட்டளை. ஆலையின் கணக்கில் விரல் தங்கும் நேரம் இருநூறைத் தாண்டினால், பிடித்ததாக அர்த்தம். அவர் சாதாரணமாகத் தட்டுவதே ஐந்நூறு ஆகும். ஆகவே அவர் வணக்கம் சொல்ல நினைத்தால் கருவி ஒலியைக் கூட்டும், திரையை அணைக்கும், இரண்டு பக்கம் தள்ளிப் போகும். போன ஆண்டே ருக்ஸானா அதை அறுநூறாக்கித் தந்திருந்தார். எட்டு மாதம் பேசிக்கொண்டிருந்தார் துரைசாமி. போன வாரம் அறக்கட்டளை தன் கருவிகள் எல்லாவற்றுக்கும் தொலைவிலிருந்தே ஒரு புதுப்பிப்பு அனுப்பியது. அறுநூறு மறுபடி இருநூறானது. யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவருக்குச் சோதனை. நீண்ட மருத்துவ விடுப்புக்குப் பிறகு காவல் நிறுவனம் ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தது. மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு அரை நிமிடத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை, இல்லையென்றால் விடைகொடுப்பு.

எனக்கு அந்த வாரம் விடுப்பு. திங்கட்கிழமை ருக்ஸானா கருவியைச் சரிசெய்து அனுப்பியதைப் பார்த்தேன். செவ்வாய் காலை துரைசாமியும் மனைவி வசந்தகுமாரியும் மறுபடி வாசலில் நின்றார்கள். மறுபடி இருநூறு. மறுபடி சரிசெய்தார். புதன் காலை கடை திறக்கும் முன்பே அவர்கள் நடைபாதையில் காத்திருந்தார்கள்.

"அண்ணே, வீட்டுல யாராச்சும் சின்னப் புள்ளைங்க எடுத்து நோண்டுறாங்களா? உண்மையைச் சொல்லுங்க" என்று ருக்ஸானா அதட்டினார்.

துரைசாமி தலையாட்டி மறுத்தார். வசந்தகுமாரிக்குச் சுருக்கென்றது. "எங்க வீட்டுல நாங்க ரெண்டே பேருதான். நோண்டறதுக்கு யாரு இருக்கா? ரெண்டு நாளா இதையே கேக்குறீங்க."

ருக்ஸானா நாற்காலியில் சாய்ந்தார். தேநீரை ஓர் உறிஞ்சு உறிஞ்சினார். "சரிக்கா, கோச்சுக்காதீங்க. அண்ணே, நேத்து இங்கேர்ந்து போய்ப் படுக்கிற வரைக்கும் மெஷினை என்னென்ன செஞ்சீங்களோ, அதை அப்படியே எனக்குச் செஞ்சு காட்டுங்க" என்று மூன்றாம் முறையாக அறுநூறை ஏற்றிக் கொடுத்தார்.

துரைசாமி கருவியை உறையில் போட்டார். எடுத்தார். சட்டை நுனியால் திரையைத் துடைத்தார். பிறகு பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்தி அணைத்தார்.

"அணைப்பீங்களா?"

"நான்தான் அணைக்கச் சொன்னேன்" என்றார் வசந்தகுமாரி. "சார்ஜ் எறங்குனா அதுவா பேசுது. இவரு வாயை மூடிப் படுத்திருக்காரு, பக்கத்துலேர்ந்து குரல் மட்டும் வருது. எனக்குத் தூக்கிவாரிப் போடுது லா."

ருக்ஸானா தன் கடையில் ஒருமுறைகூட அதை அணைத்துப் பார்த்ததில்லை. ஏற்றுவார், தட்டிப் பார்ப்பார், அப்படியே கையில் கொடுப்பார். இப்போது பொத்தானை அழுத்தித் திறந்தார். திரை வருவதற்குள் விசைப்பலகை ஓரத்தில் ஒரு பச்சைப் பொட்டு சிமிட்டியது, சடசடவென்று மூன்று தடவை. பலகைக்குள் யாரோ எழுதும்போது மட்டும் வரும் சிமிட்டல் அது. கருவி விழித்ததும் முதல் வேலையாக ருக்ஸானாவின் நிரலை அழித்துவிட்டு ஆலை நிரலைப் போட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காலையும். அறக்கட்டளையின் புதுப்பிப்பு அதற்கென்றே ஒரு காவல்காரனை உள்ளே உட்காரவைத்திருந்தது.

"என் கண்ணு முன்னாடியே அழிக்கிறான் பாருங்க" என்றார். பிறகு எழுந்து, தன் நாற்காலியைத் துரைசாமிக்குப் போட்டுவிட்டு, நின்றார். "ரெண்டு நாளா உங்களைச் சந்தேகப்பட்டேன். தப்பு என் மேல. அணைச்சுப் பாத்திருக்கணும்."

அந்தக் காவல்காரனை நிறுத்துவது ஒரே ஒரு வரி வேலை. ஆனால் கருவி அறக்கட்டளையுடையது. அறுநூறை ஏற்றுவதற்கே கேட்க வேண்டும் என்று திங்கட்கிழமையிலிருந்து அவர்களை அழைத்துக்கொண்டிருந்தவர் ருக்ஸானா. பூட்டை உடைக்கிறவர் என்று பெயர் வாங்கியவர், அனுமதி கேட்டுப் பதினொரு தடவை அழைத்திருந்தார். பத்துத் தடவை காத்திருப்பு இசைதான். பதினொன்றாவதில், செவ்வாய் மாலை, நிதீஷ் என்ற இளைஞர் கிடைத்தார். ருக்ஸானா ஒலிபெருக்கியில் போட்டதால் நானும் கேட்டேன்.

"மேடம், அந்த டிவைஸ்ல அன்ஆத்தரைஸ்ட் மாடிஃபிகேஷன் இருக்கு. எங்க சிஸ்டத்துல ரெட்டா காட்டுது."

"செவப்பா இருக்கிறது அவரோட வேலை தம்பி. வியாழன் பத்து மணிக்கு டெஸ்ட்."

"ஐ அண்டர்ஸ்டாண்ட், மேடம். நீங்க டிவைஸை ரிட்டர்ன் பண்ணா, ரீப்ளேஸ்மென்டா டேப்லட் தருவோம். டச் ஸ்கிரீன். ஃபோர்டீன் ஒர்க்கிங் டேஸ்."

"அவருக்கு விரல் மரத்துப் போச்சுன்னு உங்க ஃபார்ம்லயே எழுதியிருக்கு."

"ஐ அண்டர்ஸ்டாண்ட். எஸ்கலேட் பண்றேன். கால் பேக் வரும்."

பிள்ளையைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் முன்னாலும் ஏதோ ஒரு திரை, அதில் ஏதோ ஒரு சிவப்பு. ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனிதனுக்குக் குரலை இரவல் கொடுத்துவிட்டு, கொடுத்த குரலை அவனுக்குத் தெரியாமல் மாற்றிவிட்டு, மாற்றியதைச் சரிசெய்தவரைக் குற்றவாளியாக்கி, பதினான்கு வேலை நாள் ஊமையாக இரு என்று இவ்வளவு மரியாதையாக ஒருவர் எப்படிச் சொல்ல முடியும்? இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. இதற்கு மட்டும் எந்தப் படிவம் என்று யாருக்கும் தெரியவில்லை.

நிதீஷ் சொன்ன அழைப்பு புதன் மதியம் மூன்று மணிவரை வரவில்லை. ருக்ஸானா தொலைபேசியை மேசை நடுவில் மல்லாக்க வைத்திருந்தார். நான்காவது முறையாக அறுநூறை ஏற்றினார்.

"அண்ணே, தெளிவா கேட்டுக்குங்க. நான் அந்த அழிக்கிறவனை நிறுத்திட்டா மறுபடி அழியாது. ஆனா அவங்க மெஷினைத் திரும்பக் கேப்பாங்க. நிச்சயமா கேப்பாங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

துரைசாமி யோசிக்கவில்லை, தட்டெழுதத்தான் நேரமானது. டொக், டொக் என்று நிதானமாக. பிறகு இரவல் குரல் சொன்னது: "கேக்கட்டும். நாளைக்குப் பத்து மணிக்கு மேல கேக்கட்டும்."

வசந்தகுமாரி சிரித்துவிட்டார். மூன்று நாளில் முதல் சிரிப்பு. "பேசறதைப் பாரு. வாய் இருந்தப்பவே இப்படித்தான்."

ருக்ஸானா ஒரு வரி எழுதினார். அணைத்தார். பத்து எண்ணினார். திறந்தார். நாங்கள் நால்வரும் அந்தப் பச்சைப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது சிமிட்டவில்லை.

"இப்ப நான் கொண்டோவுக்கு வந்த ஆளு. சொல்லுங்க" என்று வாசலுக்குப் போய் நின்றுகொண்டு, கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். துரைசாமி விரலை முதல் விசைமேல் வைத்தார்.

அப்போதுதான் மேசையில் தொலைபேசி அடித்தது. திரையில் அறக்கட்டளையின் பெயர். வழக்கம்போல் ருக்ஸானாவின் கை முதல் மணிக்கே நீண்டு, பாதியிலேயே திரும்பியது. எடுத்தால் வேண்டாம் என்பார்கள். பதில் வராததால் செய்தது ஒன்று, வேண்டாம் என்ற பிறகு செய்வது வேறு. துரைசாமியின் விரல் விசைமேலேயே நின்றுவிட்டது. அவர் தொலைபேசியைப் பார்த்தார், பிறகு ருக்ஸானாவை.

"நீங்க நிறுத்தாதீங்கண்ணே. டைம் ஓடுது."

இரண்டாம் மணி. மூன்றாம் மணி. மேசை அதிர்ந்து, தொலைபேசி மெல்ல நகர்ந்து துரைசாமியின் முழங்கையைத் தொட வந்தது. ருக்ஸானா மேசைக்கு வந்து, அவருக்கு இடைஞ்சல் இல்லாமல் அதை இரண்டு விரலால் ஓரத்துக்குத் தள்ளினார். அது அடித்துக்கொண்டேயிருந்தது. முக்காட்டை ஒரு பக்கம் ஒதுக்கி, முகத்தை மேசைமட்டத்துக்கு இறக்கி, துரைசாமியின் விரல்களைப் பார்க்கத் தொடங்கினார்.