போனில் சிவப்பு வராது

என் மகள் இன்னொரு பெண்ணின் மூக்கை உடைத்த அன்று நான் முன்வரிசையில் எழும்பி நின்று கைதட்டினேன். வெட்கப்படவில்லை. அந்தப் பெண்ணின் இரத்தம் ரிங்கின் கயிற்றைத் தாண்டித் தெறித்தது. என் சேலைத் தலைப்பிலும் ஒரு துளி விழுந்தது. "அடி பிள்ளை, விடாதை, அடி!" என்று கத்தியது நான்தான். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு கதிரைக்குப் போனார். போனால் போகட்டும், எனக்கென்ன?

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் மற்றப் பிள்ளைகள் பரதநாட்டியமும் வயலினும் படிக்க, என் மகள் பொக்சிங் அடித்தாள். அவளுக்குப் பயிற்சி கொடுத்தது தகப்பன். என் வீட்டுக்காரர் கொட்டாஞ்சேனை ஆள், வேதக்காரர், துறைமுகத்தில் வேலை. இளமையில் ரிங்கில் ஏறி முன்பல் இரண்டைப் பறிகொடுத்தவர். நான் யாழ்ப்பாணத்துச் சைவம், காலி வீதியில் ஒரு சேலைக் கடையில் வேலை. எங்கள் கல்யாணமே இரண்டு பக்கத்துச் சண்டைக்கு நடுவில்தான் நடந்தது. அந்தச் சண்டை எல்லாம் பிள்ளையின் கையில் போய் இறங்கிவிட்டதோ என்று சில நேரம் யோசிப்பேன். அவளுடைய அடி சும்மா அடி இல்லை. ஒருநாள் பயிற்சிக்கு ஆள் இல்லையென்று அவளுக்கு முன்னால் நான் குத்து வாங்கும் பாட் பிடித்தேன். பிறகு மணிக்கட்டு வீங்கி, கடையில் சேலை மடிக்க முடியாமல் திரிந்தேன்.

பிரச்சினை எடையில் வந்தது. அவளுக்கு இயல்பாக வரும் எடைப் பிரிவில் ஒருத்தி இருந்தாள். அவள் என் பிள்ளையின் விலாவில் ஒரு இடத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, ஒரு சுற்று முழுக்க அதே இடத்தில் குத்தினாள். மகள் சரிந்து படுக்க முடியாமல் எத்தனையோ இரவு முனகினாள். "அவளோட திரும்ப ஏறினா புள்ளைய முடிச்சிருவா" என்று தகப்பன் முடிவு கட்டினார். கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். சாப்பாட்டைக் குறைத்து ஒரு அளவுக்குத்தான் இறங்கலாம். மிச்சத்தை வேர்வையாக இறக்க வேண்டும்.

அதைப் பொக்சிங்காரர் 'காயிறது' என்று சொல்வார்கள். முகத்துவாரத்தில் கருவாடு காயப்போடுவதைச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாக. தடித்த பொலித்தீன் மழைச்சட்டையைப் போட்டு, அதற்கு மேல் கம்பளியைச் சுற்றி, கதவு சன்னல் எல்லாம் பூட்டிய அறைக்குள் கயிறு துள்ள வேண்டும். தண்ணீர் கிடையாது. வாயில் ஊறும் எச்சிலைக்கூட விழுங்காமல் போத்தலில் துப்ப வேண்டும். அந்தக் காலத்தில் கொட்டாஞ்சேனை பொக்சிங்காரர் எல்லாரும் இப்படித்தான் காய்ந்தார்களாம். அவர்கள் எல்லாம் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டால் வீட்டுக்காரர் கதையை மாற்றிவிடுவார்.

முதல் தடவை காய்ந்து, எடை சரிவந்து, சண்டையும் பிடித்து வென்றாள். வென்ற கையோடு கழிவறையில் விழுந்தாள். நான் போய்த் தூக்கும்போது இரண்டு காலும் முறுக்கி இழுத்துக்கொண்டு நின்றன. மூத்திரம் பால் விடாத பிளேன்டீ நிறத்தில் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னையும் அவரையும் ஒன்றாக நிற்கவைத்துச் சொன்னார்: "இந்தமுறை கிட்னி தப்பிட்டுது. இன்னொருமுறை இப்பிடிக் காயவிட்டா பிள்ளையை மெஷினில போட வேண்டி வரும்."

அன்று எங்கள் வீட்டில் நடந்தது மேல்மாடி கீழ்மாடிக்கெல்லாம் கேட்டிருக்கும். நான் சோற்றுக் கோப்பையைத் தூக்கி எறிந்தேன். அது அவருடைய காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் உடைந்தது. அவர் அறைக் கதவில் குத்தினார்; பலகை பிளந்தது. "இனி என்ர பிள்ளையைக் காயப்போட்டா, உங்களை வெட்டிப்போட்டு நான் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணுவன்" என்றேன். மகள் கையில் சேலைன் ஊசி குத்திய நீலத்தோடு நடுவில் வந்து நின்றாள். "எனக்குப் பொக்சிங் வேணும். அதை மட்டும் என்னட்ட இருந்து பறிக்காதேங்கோ" என்று கத்தினாள். நான் குனிந்து கோப்பைத் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

கனடாவில் இருக்கும் என் அண்ணாவிடம் போனில் அழுதேன். அவர் ஒரு சின்னச் சாமானை அனுப்பிவைத்தார். முன்கையில் பிளாஸ்டர் போல ஒட்டிக்கொள்ளும் ஒட்டு. வேர்வை அதற்குள் போனால், உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீரும் உப்பும் போய்விட்டது என்று கணக்குப் பார்க்கும். அது மகளின் போனுக்குப் போய், அங்கிருந்து என் போனுக்கும் வரும். பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் உடனே குடிக்க வேண்டும்.

"வேர்வையப் பாக்கிறதுக்கு ஒரு மெஷினா? துவாயப் புழிஞ்சா தெரியாதா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

"சிரியுங்கோ, நல்லாச் சிரியுங்கோ. ஆனா இது அவளின்ர கையில இருந்தாத்தான் அவள் ரிங்கில ஏறுவாள். சிவப்பு வந்தா அந்த இடத்திலயே தண்ணி."

தலையை ஆட்டினார். அவருடைய தலையாட்டலை நம்பி நான் ஏமாந்தது போதும். கொச்சிக்கடை அந்தோனியார் மேல் சத்தியம் பண்ணச் சொன்னேன். அந்த மனிதருக்கு டொக்டரிடம் பயமில்லை, பொலிசிடம் பயமில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை தவறினால் அந்தோனியார் கோபிப்பார் என்று காய்ச்சலோடும் போய் மெழுகுதிரி கொளுத்துகிறவர். கையை நீட்டிச் சொன்னார்: "அந்தோனியார் மேல சத்தியம், உன்ட போன்ல செவப்பு வராது. போதுமா?"

போதும் என்றேன். சைவக்காரி நானும் அந்தோனியாரை நம்பினேன்.

கொஞ்சக் காலம் அது வேலை செய்தது. மஞ்சள் வந்தாலே கடையிலிருந்து போன் எடுத்துக் கத்துவேன். சேலை பார்க்க வந்த சனம் திரும்பிப் பார்க்கும். மகள் என்னைத் திட்டிக்கொண்டே குடிப்பாள். தகப்பன் மணல் மூட்டையை உதைக்கிற சத்தம் போனில் கேட்கும். எடை இறங்கத்தான் செய்தது, ஆனால் மெல்ல. தெரிவுப் போட்டி நெருங்கியது. அதில் வென்றால் வெளிநாட்டுக்குப் போய் அடிக்கலாம். தோற்றால், அந்த வயதுக்கு மேல் இன்னொரு சந்தர்ப்பம் இல்லை என்று அவள் நம்பினாள்.

எடை பார்க்கும் நாள் காலையிலிருந்து என் போனில் பச்சை. ஒரு தடவைகூட மஞ்சள் வரவில்லை. எனக்கு அப்படியொரு சந்தோஷம். நீலச் சேலை கேட்டு வந்த ஒரு பெண்ணிடம், "பாருங்கோ, இது என்ர மகளின்ர வேர்வை" என்று போனை நீட்டிக் காட்டினேன். அவ பாவம், "வடிவா இருக்கு" என்றா. அரை நாள் லீவு போட்டேன். எடை பார்த்து முடிந்ததும் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்க நாலைந்து செவ்விளநீர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். "மல்லி, ஹெமின் யமு" என்று சிங்களத்தில் மெதுவாகப் போகச் சொல்லி, கடற்காற்று வாங்கிக்கொண்டு போனேன்.

கொட்டாஞ்சேனையில் அவர்கள் பயிற்சி செய்யும் இடம் ஒரு பழைய களஞ்சியம். கதவு உள்ளே பூட்டியிருந்தது. கயிறு நிலத்தில் அடிபடும் சத்தம் கேட்டது. ஒன்று அடித்து, நின்று, யோசித்து, பிறகு ஒன்று. கதவில் தட்டினேன். வீட்டுக்காரர் திறந்தார். ஒரு கையில் பிளேன்டீ. சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார். அவருடைய முன்கையில் அந்த ஒட்டு இருந்தது.

என் கையில் போன் பச்சையாகத்தான் இருந்தது. முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவருக்குப் பின்னால் பார்த்தேன். பொலித்தீன் சட்டைக்குள் மகள். உதடு வெடித்து வெள்ளை பூத்துப் போயிருந்தது, கண் குழிக்குள் கிடந்தது. நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. வேர்ப்பதற்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை.

"இன்னும் அரைக் கிலோ தான், சத்தம் போடாத" என்றார் அவர். "நான் சத்தியத்த மீறல்ல. உன்ட போன்ல செவப்பு வந்துச்சா? வரல்ல தானே?"

உண்மையாகவே அப்படித்தான் சொன்னார். அந்தோனியாரை ஏமாற்றவில்லையாம். என்னை மட்டும்தானாம்.

செவ்விளநீர்ப் பையைச் சுழற்றி அவருடைய நெஞ்சில் அடித்தேன். ஆள் மல்லாந்து விழுந்தார், தேநீர் அவர் மேலேயே கொட்டியது. மேலே ஏறி இருந்து அந்த ஒட்டை மயிரோடும் தோலோடும் பிய்த்து எடுத்தேன். செருப்பைக் கழற்றி முகத்தில் அடித்தேன். "விசர் பிடிச்ச மனிசனே! பெத்த பிள்ளையைக் கொல்லுவியளோ? கொல்லுவியளோ?" அவருடைய சொண்டு கிழிந்து இரத்தம் வந்தது. திருப்பி அடிக்கவில்லை, பழைய பொக்சிங்காரர், இரண்டு முழங்கையாலும் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தார். அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கூட்டியது. கழுத்தைப் பிடித்தேன். அன்று யாரும் தடுக்காவிட்டால் கொன்றிருப்பேன், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"விடுங்கோ அம்மா! நான்தான் ஒட்டினனான். அப்பா மாட்டன் எண்டுதான் சொன்னவர். நான்தான் கெஞ்சி அவற்ற கையில ஒட்டிவிட்டனான்."

நான் விடவில்லை.

"விடுங்கோ எண்டு சொல்றனெல்லோ!"

அடித்தாள். வலது கை, நேர்க்குத்து, என் தாடையில். அது வருவதைக் கண்டேன், விலக நேரமில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

நோகவில்லை. என் தலை திரும்பக்கூட இல்லை. நித்திரையிலிருந்து எழுப்புவதற்கு யாரோ கன்னத்தில் தட்டினது போல இருந்தது.

கண்ணைத் திறந்தபோது அவள் தன் கைமுட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவரும் நிலத்தில் கிடந்தபடியே அதைத்தான் பார்த்தார். டொக்டர் சொல்லி நம்பாதவர், மெஷினை நம்பாதவர், என்னை ஒருநாளும் நம்பாதவர். ஆனால் ஒரு குத்தைப் பார்த்தால் அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். முகத்தில் இரத்தம் வடிய, தவழ்ந்து போய்த் தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். மூடியைக் கடைவாய்ப் பல்லால் கடித்துத் திறந்தார்.

"குடி மகள்."

"அப்பா, அரைக் கிலோ தானே. அவ்வளவுதானே அப்பா."

"குடி."

"குடிச்சா எல்லாம் போச்சு, அப்பா."

"போகட்டும். குடி மகள், குடி."

அவள் குடித்தாள். முகம் கோணி, தோள் குலுங்கி அழுதாள். கண்ணிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. போத்தலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, தகப்பனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"இப்ப சந்தோஷமா, அம்மா?"

"ஓம்" என்றேன். "ஓம் மகள், சந்தோஷம். மிச்சத்தையும் குடி."