கடைசியாகத் திருத்திய தேதி

எங்கள் தொழிலில் எழுதியது சரியாக இருந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். தப்பாக இருந்தால்தான் வரி வரியாகப் படிப்பார்கள்.

நான் எழுதுவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் கர்னலுக்கான விளக்கப் பக்கங்கள். கம்ப்யூட்டரின் அடியாழத்தில் கிடந்து எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிற பகுதி அது. அதிலும் ஒரே ஒரு மூலைதான் என்னுடையது: சைக்கிள் கவுண்டர். பிராசஸரின் ஒவ்வொரு துடிப்பையும் விடாமல் எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எப்படிப் படிப்பது, எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று சொல்லும் பக்கத்தைப் பராமரிப்பது என் வேலை. கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டு மாடியறைதான் ஆபீஸ். கையேடு, குறிப்பு, செய்முறை என்று எதையாவது எழுதி அனுப்பிவிட்டு, அப்புறம் போன் அடித்தாலே எடுக்கத் தயங்குகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். வாருங்கள், சேர்ந்து தலைகுனிவோம்.

வளைகாப்பில் ஒரு விசாரணை

சங்கராபுரத்தில் ஒரு வளைகாப்பு. பந்தியில் பக்கத்து இலைக்காரம்மா, என் கணவருக்குத் தூரத்து அத்தை முறை, என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். "கம்ப்யூட்டர்" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். எனக்குத்தான் விளக்கம் கொடுக்காவிட்டால் சோறு இறங்காதே. துடிப்பு, கவுண்டர், பக்கம் எல்லாவற்றையும் கூட்டு, பொரியல், சாம்பார் சாதம் வரைக்கும் இழுத்துச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பாயசத்தைக் குடித்துவிட்டு, இலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "எண்ணறது மிஷினு, அது எண்ணுதுன்னு எழுதறது நீயி. இதுக்கா கண்ணு அவ்ளோ படிச்ச?"

ஒரு கமா போட்ட புண்ணியம்

எங்கள் பக்கங்களில் ஒரு வழக்கம் உண்டு. எதை மாற்றினாலும் அடியில் "கடைசியாகத் திருத்திய தேதி" தானாகவே மாறிவிடும். பக்கம் முழுவதையும் சோதித்துத் திருத்தினாலும் அதே தேதிதான், ஒரு எழுத்துப்பிழையை நீக்கினாலும் அதே தேதிதான்.

என் பக்கத்தில் ஒரு பழைய வரி இருந்தது. கவுண்டர் காட்டும் எண்ணிக்கையைப் பிராசஸரின் வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்று. பழைய பிராசஸர்களில் அது சரி. இப்போது வருகிற சில பிராசஸர்கள் சூடேறினால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கவுண்டரும் கூடவே மெதுவாகும், கணக்குத் தப்பும். பெங்களூரில் இருக்கும் சக ஊழியர் ஜோசப் இதை எனக்கு எழுதி, அந்த வரியைப் பார்க்கச் சொன்னார். பார்க்கிறேன் என்று பதில் போட்டேன். அதைச் சோதிக்க ஒரு வாரம் பிடிக்கும். அதனால் அன்றைக்கு ஒரு கமாவையும் ஓர் எழுத்துப்பிழையையும் மட்டும் சரிசெய்து ஏற்றிவிட்டேன். அடுத்த மீட்டிங்கில் மேனேஜர் எல்லார் பக்கத்துத் தேதிகளையும் பார்த்துக்கொண்டே வந்தவர், என்னிடம் நின்றார். அவர் சொன்னதைக் கேட்டு நான் வெட்கமில்லாமல் சிரித்தேன்:

"எல்லாரும் இவங்களைப் பார்த்துக் கத்துக்குங்க. இவங்க பக்கம் மட்டும்தான் எப்பவும் புதுசா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு

என் கொழுந்தனார் மணி, ரைஸ் மில்களுக்குக் கலர் சார்ட்டர் மெஷின் செய்ய ஆரம்பித்திருந்தார். அரிசி சரிந்து விழும்போது கேமரா பார்க்கும். கறுப்பு அரிசி கண்ணில் பட்டால், அது காற்றுக் குழாய்க்கு நேராக வரும் நொடியில் 'புஸ்' என்று காற்றடித்துத் தள்ளிவிடும். காற்று இம்மி பிந்தினாலும் கறுப்பு தப்பிவிடும், பின்னால் வரும் நல்ல அரிசி அடிபட்டுக் கழிவு மூட்டைக்குப் போகும். முதல் மெஷினைக் கள்ளக்குறிச்சியில் ஒரு மில்லில் மாட்டியிருந்தார். வேலையை விட்டுவிட்டு, இதுதான் இனிமேல் பிழைப்பு என்று இறங்கியவர்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவர் முகம் செத்துக் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் மெஷினைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டாராம் மில்காரர். "காலைல சோக்கா ஓடுது அண்ணி. மத்தியானம் தகரக் கூர காய ஆரம்பிச்சா, நல்ல அரிசியாப் பாத்து ஊதித் தள்ளுது. வால்வ மாத்திட்டேன், கேமராவ மாத்திட்டேன். என் கைதான் சரியில்லபோலக்கீது."

எனக்குக் கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. சூடு. மெதுவாகும் கவுண்டர். நேரத்தை எதை வைத்துக் கணக்குப் போட்டாய் என்று கேட்டேன். தெரிந்துகொண்டேதான் கேட்டேன். அவர் முகம் அப்போதுதான் கொஞ்சம் மலர்ந்தது.

"உங்க பக்கத்தப் பாத்துதான் அண்ணி. போன மாசம்தான் திருத்தன தேதி போட்டிருந்திச்சி, அதான் கண்ண மூடிக்கினு அப்பிடியே எழுதிட்டேன்."

மாடியறை

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்னொரு துண்டு மீன் வைத்தேன். வெளியூரில் முகம் தெரியாத ஒருவர் என்றால் 'தவறுக்கு வருந்துகிறோம்' என்று எழுதிவிடலாம். என்னை வீட்டிலேயே பெரிய படிப்பாளி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியும் ஆளிடம் எந்த வாயால் சொல்வது?

மாடிக்குப் போய், அந்தப் புது வகைப் பிராசஸர் இருந்த போர்டு ஒன்றைச் சூடேற்றிச் சோதித்தேன். ஒரு வாரம் ஆகும் என்று பயந்து தள்ளிப்போட்ட சோதனை, சாயங்கால டீக்கு முன்னால் முடிந்துவிட்டது. வரி தப்புதான். அவமானத்தில் அழுதேன். மேலே வந்த கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பக்கத்தைத் திருத்திவிட்டேன், மணியிடம் சூட்டைக் குறைக்க ஃபேன் வைக்கச் சொல்லலாம், அது போதாதா என்றும் கேட்டேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "ஃபேனு வைப்பான். ஆனா சாவற வரைக்கும் தன் கைதான் சரியில்லன்னு நெனச்சிக்கினு இருப்பான், பரவால்லியா?"

மில்லில்

மறுநாள் மணியோடு பைக்கில் நானும் போனேன். வழியில் சொல்லிவிட நினைத்தேன். லாரி சத்தத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

மில்லுக்குள் கால் வைக்க முடியாத சூடு. மில்காரர் கழிவு மூட்டையில் கைவிட்டு, வெள்ளை வெளேரென்ற அரிசியை அள்ளி மணியின் முன்னால் நீட்டினார். "இத்த மாட்டுக்குப் போடறதா? வேல தெரியாதவன்லாம் இன்னாத்துக்குய்யா மிஷினு செய்ய வரீங்க?" மணி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அவர் வேலை சரிதாங்க. அவர் பார்த்துச் செய்த பக்கத்தில்தான் தப்பு. அதை எழுதினது நான். தப்பு இருக்குன்னு ஒருத்தர் சொல்லியும் திருத்தாம, தேதியை மட்டும் புதுசாக்கிட்டேன்" என்றேன். மணி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இன்னமும் தெரியவில்லை.

சூட்டுக்கு அசையாத வேறு கடிகாரம் ஒன்று கர்னலிலேயே உண்டு. மணி அதற்கு மாற்றினார். மெஷினை ஓட்டினோம். கறுப்பு மட்டும் கழிவுக்குப் போனது. மில்காரர் மூட்டையைக் கிளறிக் கிளறிப் பார்த்தார், மணியின் தோளைத் தட்டினார், மெஷின் இங்கேயே இருக்கட்டும் என்றார். நான் மூச்சுவிட்டேன். அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை.

"ஏம்மா, இவரு உங்க வூட்டு ஆளு, பொறப்புட்டு வந்துட்டீங்க. அந்தப் பக்கத்தப் பாத்து மிஷினு ஓட்டிக்கினு, என் கைதான் சரியில்லன்னு ஒக்காந்துக்கினு கீறவங்க இன்னும் எத்தினி பேரும்மா?"

கோடிக்கணக்கான துடிப்பில் ஒன்றைக்கூட விடாத மீட்டரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நான், அவர் கேட்ட எண்ணிக்கைக்கு மட்டும் "தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.