இரண்டு இஞ்ச் உயரம்

எங்கள் வீடு ஆடலூருக்கு மேலே, காபிக்கும் மிளகுக்கும் நடுவில் இருக்கிறது. தார் ரோடு முடிந்த பிறகு வீடு வரைக்கும் உள்ளதை நாங்கள் பாதை என்கிறோம். மழைக்காலத்தில் ஓடை அதைத் தன்னுடையது என்கிறது. அந்த வருஷ மழையில் ஓடை ஜெயித்தது. நடுவில் மண் அரித்துப்போய் ஒரு பாறை தலைதூக்கி நின்றது. என் பிக்அப் ஒவ்வொரு தடவையும் அதில் அடிவயிற்றை இடித்துக்கொண்டுதான் ஏறும். உடைக்க ஆள் கூப்பிட்டேன். அவர் சுற்றிச்சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது பாற இல்லீங்க, மல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் மட்டும் என்றால் பரவாயில்லை. பக்கத்தில் என் மனைவி இருந்தாள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதால் வாரம் இருமுறை வத்தலக்குண்டுக்கு இறங்கி டயாலிசிஸ் செய்துகொண்டு வருவாள். திரும்பும்போது துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருப்பாள். வண்டி பாறையில் இடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். டாக்டர் கீழேயே வீடு பார்க்கச் சொல்லிவிட்டார். "அந்த வெக்கையில போயி கெடக்கவா? எம் வீட்லதான் இருப்பேன்" என்று இவள் சொல்லிவிட்டாள். வீட்டில் நானும் அவள் கட்சிதான். பாறை மட்டும் டாக்டர் கட்சி.

நான் படித்தவன், அதாவது ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னால் அதைப் பற்றி ஒரு வாரம் வாசிப்பவன். வாசித்ததில், வண்டியை இரண்டு இஞ்ச் உயர்த்தினால் பாறை தொடாது என்று தெரிந்தது. திண்டுக்கல்லில் காட்டுக்குள் வண்டி ஓட்டும் இளைஞர்கள் கூடும் ஒரு கடைக்குப் போனேன்.

"எங்க சார் ஆஃப்ரோடு போறீங்க?"

"வீட்டுக்கு."

முன் ஸ்பிரிங்குகளுக்கு மேலே ஒரு வட்டு, பின்னால் பட்டை ஸ்பிரிங்குகளுக்கு அடியில் இரும்புக் கட்டை. அவ்வளவுதான். "ஒசரம் மாறுனா முன்சக்கரம் கோணிக்கிரும் சார், வெரசா அலைன்மென்ட் பாத்துருங்க" என்றான் கடைக்காரன். தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி.

முதல் நாள் பாறைக்கு மேலே வண்டி ஒரு உரசல்கூட இல்லாமல் ஏறியது. பரிசு வாங்கப்போகிறவன் போல அவளைத் திரும்பிப் பார்த்தேன். வாசலில் நிறுத்தியதும் கதவைத் திறந்து தரையை எட்டிப் பார்த்தாள்.

"நல்லாருக்கு. இப்ப எப்படி எறங்க?"

ஆரஞ்சு எடுக்கிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டேன். அதன் பிறகு அந்தப் பெட்டி எங்களோடு மலை ஏறி இறங்கியது.

வண்டியோ இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. நான் அதைச் சொல்லவில்லை. என் கையைப் பார்த்து அவள் கண்டுபிடித்தாள்.

"எதுக்கு மாட்டப் புடிச்சு இழுக்குற மாதிரி ஓட்டுறீங்க?"

"சும்மா, லேசா இழுக்குது."

"என்னைய மெஷின்ல போட்டுருக்கும்போது இதையும் ஒரு மெஷின்ல போட்டு எடுங்க. ரெண்டு சோலியும் ஒண்ணா முடியும்."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கழுத்துக்குக் கீழே டயாலிசிஸ் குழாய் பதித்த இடத்தில் உரசும் என்று அவள் சீட் பெல்ட் போடுவதில்லை. போடச் சொல்லி வண்டி மலை நெடுகக் கத்தும். "கத்தட்டும், விடுங்க. அதுக்கு என்ன தெரியும்" என்பாள்.

வத்தலக்குண்டில் அலைன்மென்ட் கடை வைத்திருந்த பாய், நாலு சக்கரத்திலும் கவ்விகளை மாட்டிவிட்டு, "மல வண்டிய காலி சீட்டுல பாத்தா எனக்குத் திருப்தி இருக்காது சார். வழக்கமா யாரு உக்காருவீங்க?" என்றார்.

"நானும் வீட்லயும்."

"அவங்க என்ன எட இருப்பாங்க?"

"எறங்கும்போதா, ஏறும்போதா?"

பாய் சிரித்தார். "மாறுமா சார்? அப்படி என்ன மருந்து, நம்ம வீட்டுக்கும் சொல்லுங்க."

உடம்பில் தண்ணீர் சேரும், இறங்கும்போது கனம், ஏறும்போது லேசு என்று விளக்கினேன். பாய் சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டார்.

"ஏறும்போது உள்ளதையே வைப்போம். வீட்டுக்குப் போற எடதான நமக்கு வேணும்."

ஓட்டுநர் இருக்கையில் என்னை உட்காரவைத்து, அவளுடைய எடைக்கு மணல் மூட்டைகளைத் தூக்கி இடது இருக்கையில் வைத்தார். சாவியைத் திருப்பியதும் வண்டி கத்தியது. பாய் மூட்டைகளுக்குப் பெல்ட் மாட்டினார். மணல் சொன்ன பேச்சு கேட்டது.

அன்று ஏறும்போது ஸ்டியரிங் நேராக நின்றது. இடது கைக்கு வேலை இல்லை. அவள் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கியர் மாற்ற மட்டும் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்தடுத்த மாதங்களில் அவள் கால்கள் வீங்கின. ஒருநாள் காலையில் வெள்ளனே கிளம்பினோம். ஒரு காலைப் பெட்டிமேல் வைத்தாள். மற்றது வரவில்லை. நான் அவளைத் தூக்கி உட்காரவைத்தேன். தூக்க முடிந்தது, கால் வீங்கியும் உடம்பு அந்த அளவுக்கு இளைத்திருந்தது. மலை இறங்கி முடித்தோம். பிறகு, "கீழேயே ஒரு வீடு பாருங்க" என்றாள்.

"வட்டைக் கழட்டிப் பழைய ஒசரத்துக்கே எறக்கிர்றேன்."

"அப்ப பாற இடிக்குமே" என்று சிரித்தாள்.

டாக்டர் கட்சிக்கு என்னுடைய இரண்டு இஞ்ச்சும் ஓட்டுப் போட்டிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் வீடு பார்த்தோம். அடுத்த மழைக்கு அவள் இல்லை. அங்கிருந்த நாட்களில் வெக்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

நான் மேலேயே திரும்பி வந்துவிட்டேன். வண்டி பாறையைத் தொடுவதில்லை, கத்துவதும் இல்லை. சமீபத்தில் டயர் மாற்றிவிட்டுப் பாயிடம் போனேன். கவ்விகளை மாட்டினார். எதுவும் கேட்காமல், பழைய ஞாபகத்தில் மணல் மூட்டைகளைக் கொண்டுவந்து இடது இருக்கையில் வைத்தார். சாவியைத் திருப்பினேன். வண்டி கத்த ஆரம்பித்தது.

"வீட்ல எப்படி இருக்காங்க சார்?" என்று கேட்டுக்கொண்டே பாய் பெல்ட்டை மூட்டைகளுக்குக் குறுக்கே இழுத்தார்.

"மாட்ட வேணாம் பாய்" என்றேன். "கத்தட்டும், விடுங்க."

பாய் பெல்ட்டைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பிறகு விட்டார். அது தானாகச் சுருண்டு உள்ளே போனது.